டேங்க் ஞானி ஊற்றிய தண்ணீர்

பழைய பைக் விற்கும் அந்தத் தகரக் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அலைமோதியது. வண்டி பார்க்க வந்தவர்கள் பாதி, டேங்க் ஞானியைப் பார்க்க வந்தவர்கள் மீதி. பெட்ரோல் டேங்கில் அவர் காதை வைத்தால் போதுமாம், வண்டி தன் பழைய கதையை ஒப்பித்துவிடுமாம். விபத்தில் ரத்தம் பார்த்த வண்டி அழுமாம். பார்க்காத வண்டி சிரிக்குமாம். கொட்டகை முதலாளியின் வண்டிகள் எல்லாமே சிரித்தன. வெளியிலிருந்து விற்க வந்த வண்டிகள் மட்டும் குமுறிக் குமுறி அழுது, பாதி விலைக்கு முதலாளியிடமே அடைக்கலம் புகுந்தன. மறுவாரமே அவையும் சிரிக்கக் கற்றுக்கொண்டன. அதிசயம் என்று கன்னத்தில் கை வைத்தது கூட்டம்.

ஒரு பல் டாக்டரும் மனைவியோடு வரிசையில் நின்றார். எக்ஸ்ரே பார்க்காமல் யார் பல்லிலும் கை வைக்காதவர்தான். ஆனால் அவர் மனம் ஒரு நீல நிற ஸ்போர்ட் டூரிங் பைக்கில் விழுந்துவிட்டது. பந்தய வண்டியின் மூக்கு, நெடும்பயணத்துக்கு அகலமான சீட், பின்னால் இருபுறமும் பெட்டி. மனைவியை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போகவேண்டும் என்பது அவருடைய பலவருட ஆசை.

ஞானி கண்ணை மூடி டேங்கில் காதை வைத்தார்.

"சிரிக்குது. ஒரு தடவைகூட கீழ விழாத வண்டி. கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்."

டாக்டருக்குப் புல்லரித்தது. காணிக்கையைச் சுருட்டிக்கொண்ட ஞானி, மந்திரித்த தண்ணீரை இரண்டு சக்கரங்களிலும் சொட்டச் சொட்ட ஊற்றினார்.

"என்னங்க, அத அப்படியே நேரா தள்ளுங்க," என்றாள் டாக்டரின் மனைவி.

"எதுக்கு? அதான் அவரே சொல்லிட்டாரே."

"பின்னாடி உட்காரப் போறது அவர் இல்ல, நான். தள்ளுங்க."

தள்ளினார். காய்ந்த சிமெண்டுத் தரையில் ஈரத்தடம் விழுந்தது. ஒன்றல்ல, இரண்டு. சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி தெருவில் நடப்பதுபோல, முன்சக்கரம் ஒரு பக்கம், பின்சக்கரம் ஒரு பக்கம்.

"தரை சரியில்லம்மா," என்றார் முதலாளி.

மிச்சத் தண்ணீரை அவள் தாங்கள் வந்த பழைய ஸ்கூட்டரின் சக்கரங்களில் ஊற்றி, அதே தரையில் தள்ளினாள். ஒரே கோடு.

"சேத்துல சைக்கிள் தள்ளினவங்களுக்கே இது தெரியும். இந்த வண்டி எங்கயோ பலமா மோதி, சட்டமே கோணிப் போயிருக்கு. மேல பெயிண்ட் அடிச்சிருக்காங்க. மலை வளைவுல எங்க ரெண்டு பேர் கதி என்ன?"

ஞானி மறுபடியும் டேங்கில் காதை வைத்தார். "இப்ப லேசா அழுவுது," என்றார்.

கூட்டத்திலிருந்து ஒரு லாரி டிரைவர் முன்னால் வந்தார். "போன வாரம் என் பைக் அழுவுதுன்னு சொல்லி அடிமாட்டு விலைக்கு எடுத்தீங்களே, அதையும் தள்ளிப் பாப்போம்."

அதன் சக்கரங்களையும் நனைத்துத் தள்ளினார்கள். ஒரே கோடு.

டிரைவர் முதலாளியின் சட்டைக் காலரைப் பிடித்தார். அந்தச் சந்தடியில் ஞானி பின்பக்கமாக நழுவினார். எல்லா டேங்கின் குரலும் கேட்ட காதுக்கு, கூட்டம் கூப்பிட்டது மட்டும் கேட்கவில்லை. டாக்டர் வெட்கத்தோடு மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு பழைய ஸ்கூட்டரின் சாவியை எடுத்தார்.

அடுத்த ஊரில் ஞானி வேறொரு டேங்கில் காது வைப்பார். கண்ணை மூடிக்கொண்டு வாங்க ஆள் இருக்கும்வரை அவர் கடை திறந்தே இருக்கும்.