நூறு வீதச் சேமிப்பு

கொட்டாஞ்சேனை,
14.08.1998

அன்புள்ள பெறாமகள் கௌரிக்குச் சித்தப்பா தில்லையம்பலம் எழுதிக்கொள்வது. கொச்சிக்கடைச் சிவன் புண்ணியத்தில் நான் சுகம். மெல்பேணில் நீங்களும் சுகமாயிருக்க அவரிடமே சொல்லி வைத்திருக்கிறேன்.

"ஐஸ் பெக்டரியில எங்க கரண்டை மிச்சம் பிடிக்கலாமெண்டு ஒரு இஞ்சினியரைக் கொண்டு பாருங்கோ சித்தப்பா" என்று தொலைபேசியில் சொன்னாய் அல்லவா? படித்த பிள்ளை சொன்னால் கேட்க வேண்டுமென்று ஸவாஹிர் என்ற தம்பியைக் கூப்பிட்டேன். மரியாதையான பொடியன். மீட்டரை வயரில் கவ்வவிட்டு அளந்து கொண்டிருந்தான். அவன் வாய் திறக்குமுன்பே நம்முடைய ஒஸ்வால்ட் சேமிக்கத் தொடங்கிவிட்டான். உன் அப்பாவும் நானும் ஐஸ் மெஷினைப் பொருத்திய நாள்தொட்டு அதை ஓட்டுகிறவன், அதன் இரைச்சலில் ஒரு காதைக் கொடுத்தவன். படிக்கட்டு பல்பைக் கழற்றினான்; நான் விழுந்து முழங்கால் வீங்கியது. கந்தோரில் என் எழுத்துமேசைக்கு மேலிருந்த மின்விசிறியை நிறுத்தினான். என் வியர்வையில் சீட்டில் எழுதிய விலாசம் அழிந்து, மீன் வியாபாரி றேமண்டுக்குப் போக வேண்டிய ஐஸ் ஒரு கல்யாண வீட்டில் போய் இறங்கியது. இவ்வளவு பாடும் பட்டபிறகு ஸவாஹிர் என்னைத் தனியே கூப்பிட்டான்.

"அங்கிள், கோவிக்க வாணாம். பல்பும் ஃபேனும் ஒரு கணக்கே இல்ல. கரண்ட முழுக்கக் குடிக்கிறது அந்தப் பழைய மெஷின்தான். மீன் முதலாளிமார் சொந்தமா ஐஸ் போடத் தொடங்கிட்டாங்க. நீங்க போடுற ஐஸ் முக்காவாசி வாங்க ஆளில்லாம உருகித்தான் போகுது."

"அப்ப எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் தம்பி?"

"நிப்பாட்டினா… நூறு வீதம் அங்கிள்."

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை மெஷினை நிறுத்தினோம். முப்பது வருசச் சத்தம் ஒரே மூச்சில் அடங்கியது. ஒஸ்வால்ட் பயந்துபோய், "முதலாளி, என்ட மத்தக் காதும் போயிட்டுதா?" என்று கத்தினான். தெரு முழுக்கக் கேட்டிருக்கும். "இல்லையடா, மெஷின்தான் நிண்டிட்டுது" என்று நானும் கத்தினேன். குழாயில் பூத்திருந்த பனி உருகி முடியும்வரை அவன் அதில் கையை வைத்துக்கொண்டு நின்றான். அவனைத் தேற்றத்தான் கிட்டப் போனேன் பிள்ளை, ஆனால் முதலில் அழுதது நான்தான்.

ஆகையால் பெக்டரிக் காணியை விற்க எனக்குச் சம்மதம். அப்பா வழியில் வந்த உன் பங்குக்குக் கையெழுத்துப் போடத் தை மாதம் வந்து போ. ஒஸ்வால்ட் கிருலப்பனையில் மகளோடு இருப்பான். எனக்கு ஒரு கவலையும் இல்லை. இந்த வயதில் மெஷினும் மண்ணாங்கட்டியும் எதற்கு?

உனக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தைகளுக்கும் ஒரு குறையும் வராமல் அந்தச் சிவன் பார்த்துக்கொள்வான்.

அன்புச் சித்தப்பா,
தில்லையம்பலம்

பி.கு.: விற்கிற கதையை விடு. இதைத் தபாலில் போடப் போகிற வழியில் பெக்டரியை எட்டிப் பார்த்தேன். ஒஸ்வால்ட் பூட்டின கதவுக்கு முன்னால் நின்றான். நான் பூட்டைத் திறந்தேன். உள்ளே போய் மெஷினைப் போட்டோம். ஐஸ் வாங்க ஒருவரும் வரவில்லை. ஸவாஹிருக்கு மட்டும் இது தெரியவரக் கூடாது. பாவம், நல்ல பொடியன், மனம் நோவான்.