குரும்வால் சிறைப்பட்ட காரணத்தால் நான் வர இயலாமை குறித்து

மேசா நகரத்து வெயிலில் சௌக்கியமாக வீற்றிருக்கும் என் அருமை மூத்த சகோதரி மார்லிஸ் அக்காவுக்கு, டுலூத் பனிக்குள்ளிருந்து தம்பி ஆர்வின் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், என் வலது முழங்கால், வீட்டுக் கொதிகலன் மூவரும் நலம். இடது முழங்காலைப் பற்றி விசாரிக்க வேண்டாம். அவ்விடம் உன் நலத்தையும், அத்தானின் கோல்ஃப் நலத்தையும், உங்கள் கள்ளிச்செடிகளின் நலத்தையும் அறிய ஆவல்.

நிற்க. ஜனவரி பதினான்காம் தேதி விமானத்தில் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? வர இயலாது. காரணம், நான் தற்சமயம் கானகத்து மகாராணியின் கோட்டைச் சிறையில் இருக்கிறேன். பதறி போலீசுக்குப் போன் போட்டுவிடாதே, விளையாட்டில்தான். ஆனால் என்னை மீட்கும் படலம் பதினான்காம் தேதி ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு என்று முடிவாகியிருக்கிறது. மீட்கப்பட வேண்டிய ஆளே ஊரில் இல்லாவிட்டால் யாரை மீட்பார்கள்?

ஆதியிலிருந்து சொல்கிறேன். என் வெர்னா போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. அவள் இருந்தவரை என் மகள், அதாவது உன் மருமகள் சிக்ரிட், போன் செய்தால் அவளோடுதான் பேசுவாள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்பேன், அதிலேயே எல்லாம் தெரிந்துவிடும். இப்போது போன் எனக்கு வருகிறது. 'காருக்கு எண்ணெய் மாத்தினீங்களா?' 'மாத்திட்டேன்.' 'அங்க பனி எவ்வளவு?' 'உனக்கு எவ்வளவோ அவ்வளவுதான்.' ஒரே ஊர்தானே. ரெண்டு நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துவிடும். அப்பேர்ப்பட்டவள் ஞாயிறுதோறும் நூலகத்துக் கீழறையில் நாலு மணி நேரம் வாய் ஓயாமல் பேசுகிறாளாம்! மாயாஜாலக் கதை விளையாட்டு. ஆளுக்கு ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பகடை உருட்டி ஆடுவார்கள். இவள்தான் ஆட்டத்தை நடத்துகிறவள், மகாராணி, பூதம், சாராயக்கடைக்காரன் எல்லாராகவும் இவளே பேசுவாள். அந்த நாலு மணி நேரத்தில் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தால் போதும் என்று ஏங்கினேன் அக்கா. வேறு ஆசை எதுவும் கிடையாது.

நான் என்ன நேரடியாகக் கேட்கிற ரகமா? 'ஞாயித்துக்கிழமை எனக்கு ஒண்ணும் வேலையில்ல' என்று நாலு வாரம் சொல்லிப் பார்த்தேன். ஐந்தாம் வாரம் அவளுக்கு விளங்கியது. 'வாங்கப்பா. ஆனா ஒரு ஆளை உருவாக்கிட்டு வரணும். நம்புற மாதிரி ஆளா இருக்கணும். மூணு ஞாயிறு டைம். மத்தவங்க நாலு வருஷமா ஆடுறவங்க, உங்களுக்காக ஆட்டத்தைக் கெடுக்க முடியாது. சரியா வரலைன்னா ஓரமா உக்காந்து வேடிக்கை பாருங்க,' என்றாள். முப்பத்தேழு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகக் கூரை கூரையாக ஏறி, 'பனி விழுந்து ஒடஞ்சுது' என்றவர்களிடம் 'உங்க மச்சான் ஏறி ஒடஞ்சுதா?' என்று கேட்ட மனுஷன் நான். பொய்க் கதையை வாசற்படியிலேயே மோப்பம் பிடிப்பேன். எனக்கா ஒரு ஆளை உருவாக்கத் தெரியாது?

தெரியவில்லை. முதல் ஞாயிறு குரும்வால் என்ற குள்ளர் குலத்து வீரனோடு போனேன். வயது இருநூற்றுப் பன்னிரண்டு, நானூறு பூதங்களைக் கொன்றவன், பயம் அறியாதவன், பொய் பேசாதவன், தாய் தந்தையரை டிராகன் தின்றுவிட்டது. வாசித்து முடித்ததும் லான்ஸ் என்கிற தபால்காரர், 'அங்கிள், இந்த மேஜையில இதுவரைக்கும் ஆறு பேரோட அப்பா அம்மாவை டிராகன் தின்னாச்சு. அதுக்கே அஜீரணம் வந்திருக்கும்,' என்றார். மாய் யெங் என்று ஒரு நர்ஸ், தங்கமான பெண், ஆனால் நாக்கு கத்தி. 'பதினோரு வருஷமா ஆஸ்பத்திரியில இருக்கேன் அங்கிள். குறையே இல்லாத ஆளு ஒருத்தர்கூட எங்க வார்டுக்கு வந்ததில்ல,' என்றாள். சிக்ரிட் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ரெண்டாவது ஞாயிறுக்குப் பழைய தொழிலைக் காட்டிவிட்டேன். பதினான்கு பக்கம்! குகை வாசலின் அகலம், கோடாரி செய்த தேதி, தாடியில் ஏற்பட்ட தீக்காயங்கள் (இரண்டு, வரைபடம் இணைப்பு), அண்டை குகைப் பூதத்தோடு வேலித் தகராறு, சாட்சிகளின் பெயர்கள். சிக்ரிட் ஏழாம் பக்கம் வரை பொறுமையாகப் படித்தாள். 'அப்பா, இது ஆள் இல்ல. ஃபைல்.' பிறகு பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, 'நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. குரும்வாலுக்கு என்ன வேணும்?' என்றாள். 'ஒண்ணும் வேண்டாம், இருக்கிறதே போதும்.' 'எதுக்குப் பயப்படுவான்?' 'பயந்து என்ன ஆகப்போகுது?' 'சரி, மனசு எப்படி இருக்கு அவனுக்கு?' 'பரவாயில்ல. இதைவிட மோசமா இருந்திருக்கலாம்.' அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். 'அப்பா! குள்ளனைக் கேக்குறேன், உங்களை இல்ல!'

ஆக மூன்றாவது ஞாயிறு. வாழ்வா சாவா. 'எழுதினது போதும்பா, ஆடிக் காட்டுங்க,' என்றுவிட்டாள் சிக்ரிட். வெர்னாவின் சமையல் குறிப்பைப் பார்த்து எலுமிச்சை கேக் துண்டங்கள் ஒரு தட்டு செய்து எடுத்துப்போனேன். நம்மூர்க்காரர்களைத்தான் தெரியுமே, கடைசித் துண்டை எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. லான்ஸ் அதைப் பாதியாக வெட்டினார், மாய் யெங் அந்தப் பாதியைப் பாதியாக்கினாள், கடைசியில் எறும்புக்குக்கூடப் பத்தாத ஒரு பொடி தட்டிலேயே கிடந்தது. ஆட்டமோ அமர்க்களம். கானகத்தின் வேர்களை அரிக்கிற ராட்சசப் புழுவை நானே கோடாரியால் கொன்றேன், இருபது முகப் பகடையில் இருபதே விழுந்தது! மகாராணி சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்தாள். சிக்ரிட் என்னமாய்ப் பேசுகிறாள் என்கிறாய், எனக்குப் புல்லரித்துவிட்டது. 'குள்ளர் குலத்து வீரனே! என் கானகத்தைக் காத்தாய். இந்த வெள்ளிச் சம்மட்டி இனி உன்னுடையது. பெற்றுக்கொள்.' நாலு வருஷமாக அவர்கள் தேடி அலைகிற சம்மட்டியே அதுதான். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. நான் சொன்னேன்: 'ஐயோ, எதுக்கும்மா சிரமம். வேண்டாம், நீங்களே வச்சுக்கங்க.'

இதில் என்ன தப்பு, நீயே சொல். நம்மூரில் பிறந்தவன் எவனாவது முதல் தடவையே கை நீட்டுவானா? காபி என்றாலும் சரி, கார் என்றாலும் சரி, முதல் தடவை வேண்டாம், ரெண்டாவது தடவை எதுக்கு சிரமம், மூணாவது தடவை சரி, பாதிக் கப். நமக்குத் தெரியும். கானகத்துக்காரிக்கு அது தெரியுமா? 'அப்படியா? காவலர்களே, சம்மட்டியை உள்ளே கொண்டுபோங்கள்,' என்றுவிட்டாள்! லான்ஸ் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். 'அங்கிள்! நாலு வருஷம் அங்கிள்!' மகாராணி விடவில்லை. 'பரிசை மறுப்பவன் பகைவன். ஏன் மறுத்தாய்? சொல்!'

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. எழுந்து நின்றேன். குரும்வாலாகப் பேசினேன். 'மகாராணி, எனக்கு அது வேணும். பார்த்த நிமிஷத்துலேருந்து வேணும். எங்க குகையில வாய்விட்டுக் கேட்டு வாங்கறது மரியாதையில்ல. இன்னொரு தடவை கேப்பீங்கன்னு நின்னேன். நான் எப்பவும் அப்படித்தான் நிக்கிறேன். என் சம்சாரம் மூணு தடவை கேப்பா. அவ போனப்புறம் யாரும் ரெண்டாவது தடவை கேக்கறதில்ல. அவங்க மேல தப்பில்ல. வேண்டாம்னு சொன்னது நான்தானே.'

குரும்வாலுக்குச் சம்சாரம் உண்டு என்று அந்தப் பதினான்கு பக்கத்தில் எங்கேயும் கிடையாது அக்கா. எங்கிருந்து வந்தாள் என்று எனக்கே தெரியாது. அப்புறம் மாய் யெங் மெதுவாக, 'இப்ப நம்புறேன்,' என்றாள். லான்ஸ், 'பாவம்யா அந்தக் குள்ளன்,' என்று தன் பங்குக் காபியை என் பக்கம் தள்ளினார். சிக்ரிட் பகடையை மறைக்க முன்னால் ஒரு அட்டைத் தடுப்பு வைத்திருப்பாள், அதற்குப் பின்னால் போய்விட்டாள். மூக்குச் சிந்துகிற சத்தம் மட்டும் கேட்டது. வெளியே வந்தபோது மகாராணிக் குரல்தான். 'நன்றாகச் சொன்னாய். ஆனாலும் சட்டம் சட்டமே. இவனைச் சிறையில் அடையுங்கள்.' சொல்லிக்கொண்டே என் தாளில் 'ஏற்கப்பட்டது' என்று சிவப்பில் எழுதினாள். சிறைக்குப் போகிறோமேன்னு இவ்வளவு சந்தோஷப்பட்டவன் உலகத்துல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் கார்ல பாடிட்டு வந்தேன், ஒரு பிக்கப் வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான்.

ஆகவே, மேற்படி காரணத்தால் பயணத்தை ரத்து செய்வதை நீ பெரிய மனதுடன் பொறுத்தருள வேண்டும். அத்தானுக்கு என் வணக்கம், அவர் அடிக்கிற பந்தெல்லாம் குழியைச் சேரட்டும். உன் ஆசி என்றும் இந்தத் தம்பிக்கும், சிறையிலிருக்கும் குரும்வாலுக்கும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி
ஆர்வின் ஹால்வர்சன்

பி.கு.: உறையை ஒட்டினவன் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். மேலே உள்ளது அனைத்தும் ரத்து. இப்போதுதான் சிக்ரிட் போன் செய்தாள். எண்ணெயைப் பற்றிக் கேட்கவில்லை. 'அப்பா, ஆட்டத்தை ரெண்டு வாரம் தள்ளி வச்சுட்டேன். மார்லிஸ் அத்தை வீட்டுக்கு நானும் உங்ககூட வரட்டுமா?' என்றாள். 'எதுக்கும்மா, உன் லீவு வீணாப் போகும், வேண்டாம்,' என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். 'ரெண்டாவது தடவை கேக்குறேன்பா. வரட்டுமா?' 'உனக்கு எதுக்கு சிரமம்...' 'மூணாவது தடவை.' 'வா,' என்றேன் அக்கா. அதுக்கப்புறம் ஒரு மணி பத்து நிமிஷம் பேசினோம், காது சுடுகிறது. பதினான்காம் தேதி ரெண்டு பேரும் வருகிறோம். எங்களுக்காக நீ ஒன்றும் சமைத்துச் சிரமப்பட வேண்டாம். இது முதல் தடவை சொல்வது.