சேஃப்டி அண்ணன் பத்து பகாட் போன கதை

சிங்கப்பூரில் சாலையைக் கடக்கும்போது வலது பக்கம், இடது பக்கம், அப்புறம் தலைக்கு மேலே என்று மூன்று திசையும் பார்க்கும் ஒரே மனிதர் சேஃப்டி அண்ணன்தான். மேலே எதற்கு என்று ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன். "பன்னிரண்டாவது மாடியிலேருந்து பூந்தொட்டி விழுந்தா, அது ஹார்ன் அடிச்சிட்டா வரும்?" என்றார். குவீன்ஸ்டவுனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் அவர் ஒன்பதாவது மாடி, நான் ஏழாவது மாடி. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருக்கும். கேட்டவர் யாருமில்லை.

ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் முப்பது வருடம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர, பாதுகாப்பிலிருந்து பெறவில்லை. கல்யாணத்துக்குப் போனால் முதலில் மண்டபத்தின் அவசர வழியைப் பார்த்துவிட்டுத்தான் மணமக்களைப் பார்ப்பார். காப்பிக் கடையில் காப்பி வந்ததும் கோப்பையை மேசை விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி வைப்பார். தன் கோப்பையோடு விடமாட்டார், பக்கத்து மேசைக்காரருடையதையும் தள்ளி வைப்பார். ஒரு தீபாவளிச் சந்தையில் கேம்பல் லேனில் கூட்டம் நெரிந்தபோது, கழுத்தில் தொங்கும் விசிலை எடுத்து ஊதி, "போறவங்க லெஃப்ட், வர்றவங்க ரைட்" என்று அரை மணி நேரம் மொத்த ஜனத்தையும் இரண்டாகப் பிரித்து நடத்தினார். நீங்கள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஓர் அம்மா அவரிடம் கழிப்பறைக்கு வழி கேட்டார். வழி சொல்லிவிட்டு, தரை ஈரமாக இருக்கும் என்றும் சொல்லி அனுப்பினார்.

இப்படிப்பட்டவர் சைக்கிள் வாங்கினால் அது எப்படி இருக்கும்? மூன்று கண்ணாடி, இரண்டு மணி, ஆளுயரக் கம்பியில் ஆரஞ்சுக் கொடி, பின்னால் மினுக்கும் நான்கு விளக்குகள். ஒருமுறை பஸ் ஓட்டுநர் ஒருவர் ஆம்புலன்ஸ் என்று நினைத்து ஓரம் கட்டி வழிவிட்டார். எல்லாவற்றுக்கும் மேல், கேரியரில் ஒரு சின்னப் பலகை. அதில் நான்கு கொக்கிகள்.

பலகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கப்பலின் அடித்தொட்டிக்குள் வேலைக்கு இறங்குகிறவன் தன் நம்பர் அட்டையை வாசலில் உள்ள பலகையில் மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஏறி வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். சாயந்திரம் பலகையில் ஓர் அட்டை மிச்சமிருந்தால், உள்ளே ஒரு மனிதன் மிச்சமிருக்கிறான் என்று அர்த்தம். அந்த வழக்கத்தை அண்ணன் அப்படியே சைக்கிளுக்குக் கொண்டுவந்துவிட்டார். எங்கள் சைக்கிள் கோஷ்டியில் மொத்தம் நான்கு பேர். டன்லப் ஸ்ட்ரீட்டில் துணிக்கடை வைத்திருக்கும் காசிம் பாய் இரண்டாம் நம்பர். நான் மூன்று. செங்காங்கிலிருந்து வரும் ஆரம்பப் பள்ளி ஆசிரியை மாலதி நான்கு. கிளம்பும்போது அட்டையை அவரிடம் கொடுக்க வேண்டும், பயணம் முடிந்ததும் வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் கொக்கி மட்டும் எப்போதும் காலியாகவே இருக்கும்.

"அங்கிள், உங்க கார்ட் எங்க? நீங்களும் ரைடு பண்றீங்கதானே?" என்று மாலதி ஒருமுறை கேட்டாள்.

"எண்ணுறவன் அட்டை எண்ணுறவன்கிட்ட இருக்கக் கூடாதும்மா. அது வெளியில ஒருத்தர்கிட்ட இருக்கு" என்றார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அண்ணனின் மனைவி புஷ்பா அக்காவுக்கு மலேசியாவின் ஜொகூரில் பத்து பகாட் என்ற ஊரில் ஓர் அண்ணன் இருக்கிறார். ஏதோ ஒரு விருந்தில் வாய் தவறி, "மச்சான், அடுத்த தடவை நான் சைக்கிள்லயே வரேன்" என்று சொல்லிவிட்டார் நம்மவர். சிங்கப்பூர்த் தேக்காவிலிருந்து பத்து பகாட் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். முதல் தடவை கிளம்பி, சிங்கப்பூருக்குள்ளேயே இருக்கும் கிராஞ்சியைக்கூடத் தாண்டவில்லை. காசிம் பாயின் ஹெல்மெட் வாரில் விரிசல் இருப்பதைக் கண்டுபிடித்து, எல்லோரையும் திருப்பி அழைத்து வந்துவிட்டார். இரண்டாம் தடவை ஜொகூருக்குள் பெக்கான் நானாஸ் வரை போனோம். புகைமூட்டம் அதிகமென்று அங்கே நிறுத்தி, ஓர் அன்னாசிப் பழ லாரியில் சைக்கிள்களோடு எங்களையும் ஏற்றினார். அன்றிலிருந்து மச்சான் அவரை "அன்னாசி மாப்ள" என்றுதான் கூப்பிடுகிறார்.

மூன்றாவது தடவைதான் வினையே வந்தது. மச்சான் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை பத்து பகாட்டில் நிச்சயதார்த்தம். அந்தக் குடும்பத்தில் பெண்ணின் அத்தையும் மாமாவும் சேர்ந்து முதல் தட்டை எடுத்துக் கொடுத்தால்தான் தட்டு மாற்றுவதே ஆரம்பமாகும். அத்தை புஷ்பா அக்கா. மாமா நம்மவர். அந்த மாமா, அன்றைக்கு சைக்கிளில் வருவதாகச் சொன்னார்.

அக்கா சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடாவிட்டால்தான் பயப்பட வேண்டும். "ஆறு மணிக்கு ராகு காலம் முடியுது. ஆறரைக்குள்ள தட்டு மாத்தணும். அதுக்குள்ள நீங்க என் பக்கத்துல வந்து நிக்கலைன்னா, மறுநாள் காராங்கூனி ஹார்ன் அடிச்சிட்டு வருவான் பாருங்க, நானே சைக்கிளை லிஃப்ட்ல இறக்கிக் கொடுத்துடுவேன்." காராங்கூனி என்றால் புளோக் புளோக்காக வந்து பழைய சாமான் எடுத்துப்போகிறவர். அக்கா சொன்னால் செய்வார். அண்ணனின் பழைய டிவி பெட்டி அப்படித்தான் போனது.

லிஃப்டில் பார்த்தபோது அண்ணன் என்னிடம் சொன்னார்: "தம்பி, கப்பல் யார்டுல தினமும் நூத்துக்கணக்குல ஆள் எண்ணுவேன். இப்ப எனக்கு எண்ணுறதுக்கு நீங்க மூணு பேருதான் இருக்கீங்க. சைக்கிள் போச்சுன்னா அதுவும் போச்சு." இதைக் கேட்டபின் எனக்கு முழங்கால் வலி என்று சாக்குச் சொல்ல மனசு வரவில்லை.

ஞாயிறு காலை ஐந்து மணி. தேக்கா மார்க்கெட் வாசலில் கூட்டம் போட்டார். கப்பல் பட்டறையில் வேலை தொடங்குமுன் ஆட்களை நிறுத்தி வைத்து ஆபத்துகளைப் பட்டியல் போடுவார்களே, அதே கூட்டம்தான். லாரி, வெயில், குழி, நாய் என்று வாசித்தார். மீன் இறக்க வந்தவர்களும் நின்று கேட்டார்கள்.

"நாய் வந்தா என்னண்ணே செய்யணும்?" என்றார் காசிம் பாய்.

"நின்னுடணும். ஓடக் கூடாது. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"நாய்கிட்டயும் பெர்மிட் கேப்பீங்களா?"

"பாய், விளையாடாதீங்கலா. கையெழுத்துப் போடுங்க."

நாங்கள் மூவரும் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அட்டைகளைக் கொடுத்தோம். உட்லண்ட்ஸில் மோட்டார் சைக்கிள் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, மலேசியாவுக்குள் போகும் காஸ்வே பாலத்தைத் தாண்டினோம். அந்தப் பக்கத்து அதிகாரி பலகையைக் காட்டி என்ன இது என்று மலாயில் கேட்டார். அவர் பாவம், ஒரு பேச்சுக்குக் கேட்டிருப்பார். அண்ணன் தான் வேலை பார்த்த முதல் கப்பலிலிருந்து கதையை ஆரம்பித்தார். பின்னால் மோட்டார் சைக்கிள்கள் ஹார்ன் அடிக்க, அதிகாரி இரண்டு கையாலும் கும்பிடாத குறையாக எங்களை அனுப்பி வைத்தார்.

ஸ்கூடாய் வரை நெடுஞ்சாலை. லாரி ஒவ்வொன்றும் கடக்கும்போது சைக்கிள் ஒருமுறை ஆடி நிற்கும். அண்ணன் கடைசியில்தான் வருவார், அது அவர் சட்டம். எண்ணுகிறவன் பின்னால் இருக்க வேண்டுமாம். விசில் ஒன்று என்றால் லாரி, இரண்டு என்றால் குழி, மூன்று என்றால் தண்ணீர் குடி. பெக்கான் நானாஸைத் தாண்டியபோது காசிம் பாய் ஓர் அன்னாசி லாரியைக் காட்டி, "அண்ணே, உங்க டாக்சி நிக்குது" என்றார். அண்ணன் மூன்று விசில் அடித்து அவர் வாயை அடைத்தார்.

பொந்தியானில் மதியச் சாப்பாடு முடித்து, கடலோரக் கம்பத்து, அதாவது கிராமத்துச் சாலைகளுக்குள் புகுந்தோம். இரண்டு பக்கமும் தென்னை, வாசலில் காயும் துணி, எதிரே ஒரு வண்டி கூட இல்லை. அங்கேதான் நாய் வந்தது. கறுப்பு நாய், கன்றுக்குட்டி அளவு, நேரே என் கணுக்காலைக் குறி வைத்து. நின்றுவிட வேண்டும் என்று காலையில் கையெழுத்துப் போட்டவன், ஓடினேன். பின்னாலிருந்து நீளமாக ஒரு விசில் வந்தது. நாய் நின்றது. அண்ணன் சைக்கிளை நிறுத்தி, கையை நீட்டி, "டுடோக்" என்றார், உட்கார் என்று மலாயில். ஆண்டவன் சாட்சியாக, அது உட்கார்ந்தது. பிறகு அண்ணன் என் பக்கம் திரும்பி, "விதி மீறினது யாரு?" என்றார். நாயும் என்னைத்தான் பார்த்தது.

ரெங்கிட் தாண்டிப் பத்து கிலோமீட்டர் போனபோது மணி நாலே முக்கால். இன்னும் பதினெட்டு கிலோமீட்டர்தான். ஆறுக்கு முன்னாலேயே போய் முகம் கழுவி, காப்பியும் குடித்துவிடலாம் என்று மாலதி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அப்போது வானம் கறுத்தது. ஒரு மின்னல், ஓர் இடி, கூடவே மழை.

நீண்ட விசில். எங்கள் கோஷ்டியில் அதற்கு ஒரே அர்த்தம்தான். எல்லாவற்றையும் அப்படியே நிறுத்து.

சாலையோர பஸ் நிறுத்தத்துக்குள் எங்களைத் தள்ளிக்கொண்டு போய் உட்கார வைத்தார். கடைசி இடி கேட்டதிலிருந்து முப்பது நிமிடம் நகரக் கூடாது. சிங்கப்பூரில் நீச்சல் குளத்திலும் கட்டுமான இடத்திலும் இதுதான் நடைமுறை. அண்ணன் கையில் ஸ்டாப்வாட்ச். இருபத்திரண்டாவது நிமிடத்தில் மறுபடி ஓர் இடி. அவர் வாட்சைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார்.

காசிம் பாய் பொறுமை இழந்தார். "அண்ணே, தூரத்துல எங்கேயோ இடிக்குது. நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்லா. உங்க சைக்கிள் போயிடும்."

"போகட்டும் பாய்."

"அங்கிள், யூ ஆர் சோ க்ளோஸ்" என்றாள் மாலதி. அழுதுவிடுவாள் போலிருந்தது.

அண்ணன் வாட்சைப் பார்த்தபடியே பேசினார். "ஒரு சாயந்திரம் பலகையில ஓர் அட்டை மிச்சமாயிடுச்சு. அவசரமா முடிச்சிடலாம்னு ஒருத்தன் தொட்டிக் காத்தைச் சோதிக்காம உள்ள போயிட்டான். இருபது நிமிஷம் கழிச்சு மயக்கத்துல தூக்கிட்டு வந்தாங்க. பொழச்சிட்டான், இப்ப பேரன் எடுத்துட்டான். ஆனா அந்த இருபது நிமிஷம் நான் அந்த அட்டையையே பாத்துகிட்டு நின்னேன். அப்படி இன்னொரு இருபது நிமிஷம் எனக்கு வேணாம். சைக்கிள் போனா போகுது."

பாய் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அண்ணனிடம் கொடுத்தார்.

ஐந்து நாற்பத்திரண்டுக்கு முப்பது நிமிடம் முடிந்தது. அண்ணன் எழுந்தார். கொடிக் கம்பியைக் கழற்றி என் முதுகுப் பையில் செருகினார். கண்ணாடிகள் மூன்றையும் உள்பக்கம் மடக்கினார். பிறகு, எங்களோடு சேர்ந்த நாளிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தார். முன்னால் போய் நின்றார்.

"பாய், இன்னைக்கு நீங்க கடைசி. எண்ணிகிட்டே வாங்க. மத்தவங்க என் டயரைப் பாத்துகிட்டு வாங்க."

அப்பப்பா, அந்த ஓட்டம். நாள் முழுக்கக் கடைசியில் மெதுவாக வந்த மனிதர் இத்தனை பலத்தை எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ தெரியாது. ஈரச் சாலையில் அவர் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு மோட்டார் சைக்கிளைத் தாண்டினோம். அதில் மூன்று பேரும் ஒரு எரிவாயு சிலிண்டரும் இருந்தது வேறு விஷயம், தாண்டினோம். வளைவுகளில் மட்டும் வேகத்தைக் குறைத்துக் கையைக் காட்டினார். பின்னாலிருந்து பாய், "ஒண்ணு, மூணு, நாலு" என்று ஓயாமல் கத்திக்கொண்டே வந்தார்.

ஆறு இருபதுக்கு மண்டப வாசலில் இறங்கினோம். வாசலில் நின்ற மச்சான் எங்களைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "சீக்கிரம் வாங்க மாப்ள. ஐயர் தவிக்கிறார், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கடியாரத்தையே பாக்கறாங்க. வேற யாராவது மாமா முறையில நிக்கட்டும்னேன். உங்க வீட்டம்மா தட்டை மடியில வச்சுகிட்டு, எண்ணிக்கை முழுசா வரட்டும்னு ஒரே பிடிவாதம்." அன்னாசியைக் காணோம். வெறும் மாப்ள.

புஷ்பா அக்கா பட்டுப்புடவையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சேறு தெறித்த மனிதரை மேலும் கீழும் பார்த்தார். கைப்பையைத் திறந்து எதையோ எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். ஓரம் தேய்ந்து மங்கிப்போன ஓர் அட்டை. ஒன்றாம் நம்பர்.

"ஷூவைக் கழட்டிட்டு மெதுவா வாங்க. உள்ள தரை ஈரமா இருக்கு, வழுக்கும்" என்றார் அக்கா.

அண்ணன் கால்சட்டைக்கு மேலேயே வேட்டியைச் சுற்றிக்கொண்டு ஓடினார். முதல் தட்டை இருவரும் சேர்ந்து எடுத்துக் கொடுத்தார்கள். அந்த நிச்சயதார்த்தப் படம் இப்போதும் பத்து பகாட் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதில் எல்லோரும் பட்டும் பூவுமாக நிற்க, பெண்ணின் மாமா மட்டும் ஹெல்மெட்டோடு நிற்கிறார். மறுநாள் காராங்கூனி வந்து ஹார்ன் அடித்தார். அக்கா பழைய பேப்பர் மட்டும் கொடுத்து அனுப்பினார்.

பாயும் மாலதியும் அன்றே தங்கள் அட்டைகளை வாங்கிக்கொண்டார்கள். சாப்பாட்டு அமளியில் நான் மறந்துவிட்டேன். அட்டையை வாங்காதவரை என் பயணம் முடியவில்லை என்று அர்த்தம். அதனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரமும் போன் வருகிறது.

"தம்பி, மூணாம் நம்பர் இன்னும் பலகையில தொங்குது. நல்லாத்தானே இருக்கே?"

"நல்லா இருக்கேண்ணே. நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்" என்கிறேன்.

இரண்டு மாடி ஏறினால் போதும். நான் ஏறுவதில்லை.