கண்ணாடியம்மாவும் காலாட்டிய அதிகாரியும்

பிள்ளைகளே, அந்தக் காலத்து அடையாறில் ஒருவர் நொண்டினால் இரண்டு பேர் நொண்டுவார்கள். ஒருவருக்கு நிஜமாகவே கால் வலி. இன்னொருவர் எங்கள் கண்ணாடியம்மா.

மூக்குக் கண்ணாடி போட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். எதிரே இருப்பவர் எப்படி அசைகிறாரோ, அப்படியே தானும் அசைவார். அதனால் வந்த பெயர். மனம் நொந்தவர்கள் தங்கும் விடுதி ஒன்றில் நான் அட்டெண்டர். அவர் அங்கே நடனத்தால் வைத்தியம் செய்தவர். முதலில் நோயாளியைப் போலத் தான் ஆடுவது, பிறகு தன்னைப் போல நோயாளியை ஆட வைப்பது. "வாயால கேட்டா சொல்ல மாட்டா. உடம்பால கேட்டுண்டே இருக்கணும்" என்பார்.

சிரமம் என்னவென்றால், தெருவுக்கு வந்தும் அவர் கேட்பதை நிறுத்த மாட்டார். ஒருநாள் நானும் கூடப் போனபோது, இடுப்பில் கை வைத்து நின்ற மீன்காரம்மாவுக்கு எதிரே இவரும் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டார்.

"இன்னா நைனா, உங்கம்மா என்னாண்ட சண்டைக்கு நிக்குதா?"

"இல்லக்கா, வைத்தியம் பண்றாங்க."

"எனக்கு இன்னா நோவு? கூடைல கீற மீனு வித்தா எல்லா நோவும் போய்டும்."

முட்டையைக்கூடத் தொடாத மயிலாப்பூர்க்கார அம்மா, மறுபேச்சில்லாமல் வாங்கினார். அன்று எங்கள் வீட்டில் நெத்திலிக் குழம்பு.

அப்படிப்பட்டவருக்கும் ஒரு கண்டம் வந்தது. ஆடும் அறையை மூடிவிட்டுப் பழைய கட்டில்களை அடுக்கப் போவதாகப் பேச்சு. மேலதிகாரி ஒருவர் நேரில் பார்த்து முடிவு செய்வாராம்.

"இந்த ரூமை எடுத்துட்டா காதர் பாய்க்கு நான் என்ன பண்ணுவேன்? இப்பத்தான் என்னைக் கண்ணால தொடரறார்" என்று அம்மா புலம்பினார். காதர் பாய் தையல்காரர். மனைவி போன பிறகு பேச்சும் இல்லை, அசைவும் இல்லை. ஊட்டினால் சாப்பிடுவார், அவ்வளவுதான்.

அதிகாரி வந்தார். நாற்காலியில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டு ஆட்டினார்.

"என்னம்மா இதெல்லாம், கூத்து?"

பதில் சொல்ல வேண்டிய அம்மா, பழக்க தோஷத்தில், தானும் கால்மேல் கால் போட்டு ஆட்டினார். அறையில் இருந்த, அம்மாவைப் பார்த்து ஆடப் பழகிய அத்தனை நோயாளிகளும் ஆட்டினார்கள். அதிகாரி முகம் சிவந்து, காலைச் சட்டென்று நிறுத்தினார். எல்லாக் கால்களும் நின்றன.

ஒன்று மட்டும் நிற்கவில்லை. காதர் பாயின் வலது பாதம், தையல் மெஷினை மிதிப்பதுபோல மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்தது.

"இவருக்கு மட்டும் என்ன?"

"சார், இவரு தானா அசைஞ்சு நாங்க பாத்ததே இல்ல சார்" என்றேன்.

அதிகாரி அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் காலை, அதே தாளத்தில், மெல்ல ஆட்டத் தொடங்கினார்.

"கட்டிலை வேற எங்கயாவது போடச் சொல்லுங்க" என்று எழுந்து போனார்.

அவர் தலை மறைந்ததும் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். கைகள் வெடவெடவென்று நடுங்கின. எல்லாருடைய வலியையும் தன் உடம்பில் வாங்கிப் பார்ப்பவர். அவருக்கு ஆறுதல் சொல்லும் அளவுக்கு எனக்குப் படிப்பில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, என் கைகளையும் அவர் கைகளைப் போலவே நடுங்க விட்டேன்.

நான்கு கைகளும் ஒன்றாகத்தான் அடங்கின.