பதக்கத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவர்

உலகத்தில் பரிசு வாங்குகிறவர்கள் மிகச் சிலர். பரிசு வாங்கியவருக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் எண்ணிலடங்காதவர்கள். இந்த இரண்டாவது வகையாரைப் பற்றித்தான், வாசகரே, உங்களிடம் சொல்ல வந்தேன். யாருக்காவது மாலை விழப்போகிறது என்று தெரிந்தால் போதும், இவருடைய கழுத்து தானாக நீளும். ஒரு பிள்ளை சோதனையில் சித்தியடைந்தால், எழுதிய பேனை தாம் கொடுத்தது என்பார். குளம் நிரம்பி வழிந்து வான் பாய்ந்தால், மழைக்கும் தாமே மனுப்போட்டதாகச் சொல்லாமல் சொல்லுவார்.

முல்லைத்தீவில், நீதிமன்றத்துக்கு எதிரே இருந்து சனத்துக்குப் பெட்டிசம், அதாவது மனு, எழுதிக்கொடுத்த சிற்றம்பலத்தார் இந்த வகையின் முற்றிக் கனிந்த மாதிரி.

1960ஆம் ஆண்டு ஆவணியில் ஐரோப்பாவிலிருந்து இரண்டு வெள்ளைக்காரர் ஒரு கமராவுடன் வந்து இறங்கினார்கள். நந்திக்கடலில் இறால் பிடிப்பதைப் படம் எடுக்க வேண்டுமாம். மொழிபெயர்க்க ஆள் தேவைப்பட்டது, சிற்றம்பலத்தார் போனார். வலை வீசியவர் அல்பேர்ட் என்ற மீனவர். மூன்று நாள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, காலையிலும் வீசினார், மத்தியான வெயிலிலும் வீசினார். "இன்னும் ஒருக்கா வீசட்டாம்" என்று கரையில் குடைபிடித்து நின்றபடி சொன்னதுதான் சிற்றம்பலத்தார் அந்தக் கலைப்படைப்புக்குச் செய்த மொத்தச் சேவை.

அடுத்த வருடம் கொழும்பு இங்கிலிஷ் பேப்பரில் நான்கு வரிச் செய்தி ஒன்று வந்தது. ஐரோப்பாவில் ஆண்டுதோறும் நடக்கிற ஒரு சர்வதேசத் திரைப்பட விழாவில், ஒன்பது நிமிடமே ஓடும் அந்தப் படத்துக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்திருக்கிறது. சிற்றம்பலத்தார் அந்த நான்கு வரியையும் வெட்டியெடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். விழா நடந்த நகரத்தின் பெயரை ஒரே கிழமையில் மூன்று விதமாக உச்சரித்தார். மூன்றும் பிழை. முதல் மாதம் அது வெள்ளைக்காரரின் படமாக இருந்தது. இரண்டாம் மாதம் 'எங்கட படம்' ஆனது. தைப்பொங்கலுக்குள் 'என்ர படம்' ஆகிவிட்டது. பெட்டிசம் எழுதுவிக்க வந்தவர்கள் காணிப் பிணக்கைச் சொல்லுமுன், சர்வதேச நடுவர்கள் எந்தக் காட்சியில் கண்கலங்கினார்கள் என்பதைக் கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. கண்கலங்கியதை இவர் எப்படி அறிந்தார்? அதை யாரும் கேட்கவில்லை. பெட்டிசம் அவசரம்.

அல்பேர்ட் இவை எதையும் அறியவில்லை. படம் எடுத்த அதே ஆண்டு மார்கழியில் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. வள்ளம் மட்டும் அலம்பில் பக்கம் கரையொதுங்கியது. அவருடைய மனைவி மதலேனாவிடம் கணவரின் படம் ஒன்றுகூட இல்லை. கலியாணத்தன்று எடுத்ததையும் கறையான் அரித்துவிட்டது. அவர் ஒரு நாள் சிற்றம்பலத்தாரிடம் வந்து, படத்தில் அல்பேர்ட்டின் முகம் தெரியுமா என்று கேட்டார். படத்தைத் தாமும் பார்த்திராத சிற்றம்பலத்தார் சற்று யோசித்தார்.

"ஆளைப் பாக்காதை பிள்ளை. ஒளியைப் பார்" என்றார்.

1962 பங்குனியில் அரசாங்கப் படக்காட்சி வண்டி அந்தப் படத்தையும் கொண்டு வந்தது. பள்ளிக்கூட மண்டபத்தில், பின்னேரம் இரண்டு மணிக்குக் காட்சி. வண்டியோடு வந்த பரமலிங்கம் நாலரைக்கெல்லாம் புறப்பட வேண்டும். அன்று மாலையே பரந்தனில் இன்னொரு காட்சி இருந்தது. யன்னல்களுக்குச் சாக்குக் கட்டினார்கள். கரையோரச் சனம் முழுவதும் வந்துவிட்டது. மதலேனா முன்வரிசையில் பாயில் இருந்தார்.

ஆனால் சிற்றம்பலத்தார் அதை ஒரு பாராட்டு விழாவாக மாற்றியிருந்தார். பாராட்டப்படுகிறவர் அவர். தலைவரும் அவரே. மாலையை அவர் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார்கள். நிகழ்ச்சி நிரலில் கடவுள் வணக்கம், வரவேற்பு, தலைமையுரை, ஏற்புரை என்று எல்லாம் இருந்தன; படம் கடைசியில் இருந்தது.

இரண்டரைக்குத் தலைமையுரை தொடங்கியது. கமரா கண்டுபிடிக்கப்பட்ட வரலாற்றில் தொடங்கி, தாம் கண்டிராத நகரத்தின் வீதிகளில் சனத்தை நடத்திக் கூட்டிப்போய், விழா மண்டபத்தின் படிகளில் ஏற்றி, நடுவர்கள் ஒவ்வொருவரையும் நெடுநாள் பழகியவர்போல அறிமுகப்படுத்தி, அவர்கள் பதக்கத்தைத் தங்கமாக்குவதா வெள்ளியாக்குவதா என்று தடுமாறிய கட்டத்துக்கு வந்தபோது மணி நாலு. மீனவர் சங்கத் தலைவர் ஞானப்பிரகாசம், நேரமாகிறது, முடியுங்கோ என்று ஒரு துண்டு எழுதி அனுப்பினார். சிற்றம்பலத்தார் அதைப் பிரித்துப் பார்த்துப் புன்னகைத்தார். வாழ்த்துச் செய்தி ஒன்று வந்திருப்பதாகச் சபைக்கு அறிவித்துவிட்டு, துண்டைப் பையில் வைத்துக்கொண்டு தொடர்ந்தார். நாலரை ஆனதும் பரமலிங்கம் வயர்களைச் சுருட்டத் தொடங்கினார்.

அதைக் கண்டதும் மதலேனா எழுந்தார். சபையில் எழுந்து கதைத்துப் பழக்கமில்லாதவர். குரல் மெதுவாகத்தான் வந்தது.

"ஐயா, நீங்கள் கதையுங்கோ. இந்தத் தம்பி படத்தைப் போடட்டும். நீங்கள் கொஞ்சம் ஒரு பக்கமா நிண்டால் போதும்."

பரமலிங்கம் இரண்டாம் தரம் கேட்கக் காத்திருக்கவில்லை. படப்பொறியின் விளக்கு எரிந்தது. சிற்றம்பலத்தார் ஒரு பக்கமாகவும் நிற்கவில்லை, பேச்சையும் நிறுத்தவில்லை. ஆகவே நந்திக்கடலில் பாதி அவருடைய வெள்ளைக் கோட்டில் விழுந்தது. மார்பில் அலை அடித்தது. வயிற்றில் இறால் துள்ளியது. சனத்தின் சிரிப்பைக் கைதட்டல் என்று எண்ணி அவர் வணங்கினார். அப்படிக் குனிந்தபோதுதான் அவருக்குப் பின்னால் திரையில் இருந்த அல்பேர்ட் முழுமையாகத் தெரிந்தார். வலையைத் தோளில் போட்டபடி திரும்பி, யாரோ சொன்னதற்குச் சிரித்தார்.

சிரிப்பு நின்றது. ஞானப்பிரகாசம் போய்ச் சிற்றம்பலத்தாரின் கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தினார்.

"அந்தச் சேட்டு நான் தைச்சது" என்றார் மதலேனா, பக்கத்தில் இருந்தவரிடம். அவர் அழவில்லை. இமை வெட்டினால் ஏதாவது தவறிவிடும் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது நிமிடம் எவ்வளவு நேரம்? முடிந்துவிட்டது.

"தம்பி, இன்னொருக்காப் போடுவீங்களோ?"

பரமலிங்கம் மணிக்கூட்டைப் பார்த்தார். ஐந்து மணி ஆகப்போகிறது. படச்சுருளைத் திருப்பிச் சுற்றினார். இரண்டாம் தரமும் போட்டார். கேளாமலே மூன்றாம் தரமும் போட்டார். அன்று பரந்தன் சனம் வெகுநேரம் காத்திருந்ததாம். ஏன் பிந்தியது என்று சொன்னபோது ஒருவரும் கோபிக்கவில்லையாம்.

மூன்றாம் தரம் ஓடியபோது, திரையின் ஓரத்தில் குடைப்பிடி ஒன்றும் அதைப் பிடித்த விரல்கள் நான்கும் கணநேரம் வந்து போயின. சிற்றம்பலத்தார் ஞானப்பிரகாசத்தின் தோளைத் தொட்டார்.

"அது என்ர கை" என்றார்.

அடுத்த நாள் தொடக்கம், நடுவர்கள் கண்கலங்கிய காட்சி அதுதான் என்றாகிவிட்டது.

சிரிக்கிறீர்களா? நல்லது. ஆனால் இந்தக் கதையை நாளைக்கு நீங்கள் யாருக்காவது சொல்லத்தான் போகிறீர்கள். மதலேனா எழுந்த இடம் வரும்போது, கேட்கிறவர் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில், 'நானும் அண்டைக்கு முன்வரிசையிலதான் இருந்தனான்' என்று சொல்லாமல் உங்களால் கதையை முடிக்க முடியுமா?

முயன்று பாருங்கள். நாக்கு நுனிவரைக்கும் வந்து நிற்கும்.