பம்பரத்துக்கும் பெயர் வெட்டியவர்கள்

காரைக்குடி
14-11-1969

பினாங்கில் இருக்கும் அன்புள்ள சூசை மாமாவுக்கு,

அக்காள் மகன் சவரிநாதன் வணக்கத்துடன் எழுதுவது. அம்மாவின் முட்டிவலி தவிர இங்கே யாவரும் சுகம். தங்கள் சுகத்துக்காக அம்மா தினமும் ஒரு செபமாலை கூடுதலாகச் சொல்கிறாள்.

வேலை போன ரப்பர்த் தோட்டத்துக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் சாமான் அனுப்பச் சொல்லி நீங்கள் எழுதியதைச் சாமியார் பூசையில் வாசித்தார். சேகரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கோயிலில் இடம் போதவில்லை என்றதும் பக்கத்து வீட்டு மெய்யம்மை ஆச்சி தன் வீட்டு முற்றத்து வளவைத் திறந்துவிட்டார். வேதம் வேறானாலும் நல்ல மனசு. ஆனால் சாமான்களைப் பார்த்ததும் கேட்டார்: "என்னப்பா, ஒண்ணுலயும் பேரு வெட்டலை? யாரு குடுத்ததுன்னு எப்பிடித் தெரியும்?"

இந்த ஊர்க் கல்யாணச் சீரில் கரண்டிகூடப் பெயரில்லாமல் வீடு தாண்டாது, உங்களுக்குத் தெரியும். மறுநாளே பாத்திரத்தில் பெயர் வெட்டும் சோணைமுத்து உளியோடு வந்து உட்கார்ந்துவிட்டார். தகர ரயில், பம்பரம், விளையாட்டுக் குடம், எதையும் விடவில்லை. "தம்பி, குடம் குடுத்த நாச்சியப்ப அப்பச்சி பேரு முடியிறதுக்குள்ள குடம் முடிஞ்சுபோகுது" என்று என்னிடமே முறையிட்டார். சிலேட்டில் இரண்டு பக்கமும் கொடுத்தவர் பெயர், அவர் அப்பா பெயர். பிள்ளை 'அ' எழுத இடமில்லை. ரப்பர்ப் பந்தில் உளி இறங்கிக் காற்றுப் போனது. கொடுத்தவரோ, "பேரு நல்லா விழுந்திருக்குல்ல, அப்பிடியே போடுங்க" என்கிறார். நம்ம ஆளுக மட்டும் லேசா? கோயில் மணியடிக்கும் கோயில்பிள்ளை அந்தோணி தன் பெயரைப் பொம்மையின் நெற்றியில் எழுதியிருக்கிறார். முதுகில் எழுதினால் சட்டை மறைச்சிருமாம்!

எனக்குப் பொறுக்கலை மாமா. வளவே அதிரக் கத்திட்டேன்: "ரப்பர்ப் பால் எடுத்தவன் பேரை எந்த டயர்லயாவது வெட்டியிருக்காகளா?"

 ஆச்சி திருப்பிக் கேட்டார்: "சரி, அந்தப் புள்ளைக பேரு என்னப்பா?"

தெரியாது என்றேன்.

"பேரு தெரியாத புள்ளைகளுக்கா இம்புட்டுச் சத்தம்?"

அப்போதிருந்து எனக்கு அதே நினைப்பு. அவர்கள் பெயர் என்ன? பம்பரம் விடத் தெரியுமா, அங்கே அதற்குத் தோதான தரை உண்டா? வேலை போன அப்பன் பகலெல்லாம் என்ன செய்கிறான்? ரப்பர் மரத்தடியில் வளர்ந்த பிள்ளை ரப்பர்ப் பந்தைத் தொட்டதுண்டா? பெயர்கள் வராமல் பெட்டியில் ஆணி அடிக்கக் கூடாது என்பது ஆச்சியின் உத்தரவு. கொடுத்தவர் பெயரை உரசிவிட்டுப் பிள்ளையின் பெயரை வெட்டித்தர சோணைமுத்து தயார். கப்பல் டிசம்பர் முதல் வாரம். அதற்குள் உங்கள் பதில் வராவிட்டால் குடத்தில் ஏறி நாச்சியப்ப அப்பச்சிதான் பினாங்கு வருவார்.

அத்தைக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம். தேவமாதா உங்கள் வீட்டு வாசலை விட்டு அகலாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
சவரிநாதன்

பி.கு.: சாமான்களோடு ஒரு மரக்குதிரை வரும், நான் கொடுத்தது. அதன் வயிற்றடியில் இருக்கும் பெயரை மட்டும் உரச வேண்டாமென்று சோணைமுத்துவிடம் சொல்லியிருக்கிறேன். சின்ன எழுத்துத்தான். குதிரை கிடைக்கும் பிள்ளையிடம் ஒரு தடவை கவிழ்த்துக் காட்டுங்கள்.