அண்டாவைச் சேர்க்காத சமன்பாடு

வேதியியல் படித்தவர்களைத் தாராளமாக நம்பலாம். புதிதாகக் கல்யாணமான வேதியியல்காரனை மட்டும் நம்பவே கூடாது. மாமனார் வீட்டில் எப்படியாவது பெயர் எடுக்க வேண்டும் என்று துடித்துக்கொண்டிருப்பவன் கையில் சுண்ணாம்பைக் கொடுப்பது ஆபத்து. அந்த ஆள் நான்தான் என்பதால் அடித்துச் சொல்கிறேன்.

எனக்குச் சித்தூர் பக்கம். பள்ளியில் வேதியியல் வாத்தியார். (சமன்பாட்டில் புலி என்று எனக்கொரு பெயர் உண்டு. வைத்தது நானே.) மனைவி ஜெஸிக்கு மலைமேல் சக்குபள்ளம், மாமனாருக்கு அங்கே கொஞ்சம் ஏலத்தோட்டம். கல்யாணம் முடிந்து முதல்முறை தங்கப் போனபோது மழைக்காலம் வாசலில் நின்றது. மழை பிடிப்பதற்குள் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீல மருந்தை அடிக்காவிட்டால் ஏலக்காய் அழுகிவிடும். அந்த வாரம் பார்த்து, மருந்து கலக்கும் பிளாஸ்டிக் பீப்பாய் உடைந்திருந்தது.

வீட்டில் வேறு பெரிய பாத்திரம் ஒன்றுதான் இருந்தது. சர்ச் அண்டா. ஞாயிற்றுக்கிழமை திருவிழா அசனம். ஊரே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. அந்த வருடம் பாத்திரங்களுக்கு மாமாதான் பொறுப்பு. பல அசனங்களைக் கண்டு அடி தேய்ந்த அலுமினிய அண்டா அது.

"மாப்ள, நீங்க கெமிஸ்ட்ரி படிச்சவுக. இதுல கலக்கலாம்லா? பொறவு புளி போட்டுத் தேச்சிருவோம்" என்றார் மாமா.

"தாராளமா கலக்கலாமுங்க மாமா."

அதோடு வாயை மூடியிருக்கலாம். கரித்துண்டை எடுத்துப் பின்கட்டுச் சுவரில் சமன்பாட்டையே எழுதினேன். இந்தப் பக்கம் தாமிரம் ஒன்று, அந்தப் பக்கமும் ஒன்று, கால்சியமும் அப்படியே. கந்தகம், ஆக்சிஜன், ஹைட்ரஜன் எல்லாம் சரி.

"அண்டா எந்தப் பக்கம் வரும்?" என்று கேட்டாள் ஜெஸி.

"பாத்திரமெல்லாம் சமன்பாட்டுல வராது ஜெஸி" என்றேன், ஒன்பதாம் வகுப்புக் குரலில்.

அண்டாவில் சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் ஊற்றியதும் சூடாகிக் குமிழ் குமிழாகப் பொங்கியது. வெகுநேரம் ஓயவில்லை.

"இன்னும் பொங்குதே மாப்ள?"

"அதுதானுங்க மாமா வேதிவினை."

அக்கம்பக்கத்தாரைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினேன். நடந்தது வேதிவினைதான், மறுக்கவில்லை. ஆனால் நான் சுவரில் எழுதிய வினை அல்ல. மயில்துத்தக் கரைசலையும் ஊற்றி முடித்த நேரம் மழை பிடித்துக்கொண்டது. காலையில் அடிக்கலாம் என்று அண்டாவை மூடிவைத்தோம்.

காலையில் ஜெஸி எழுப்பினாள். "ஏங்க, கொஞ்சம் வெளிய வந்து பாருங்க."

முற்றம் முழுக்க நீலம். வீட்டு வெள்ளைக்கோழி நீலக் காலோடு நடந்துகொண்டிருந்தது. அண்டா காலி. தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் அடிப்பாகம் இடியாப்ப அச்சு. சுண்ணாம்பு அலுமினியத்தைத் தின்றிருக்கிறது. மிச்சம் வைத்ததைத் தாமிரம் முடித்திருக்கிறது. நான் காட்டிய குமிழ்கள் அத்தனையும் அண்டா கரைந்த குமிழ்கள். அலுமினியத்தையும் சேர்த்துச் சுவரில் மறுபடி எழுதிப் பார்த்தேன். அழகாகச் சமனானது. அண்டாதான் திரும்பி வரவில்லை.

மாமா அண்டாவை வாங்கி, அடி ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். போடிமெட்டு வழியாக மலையிறங்கி எங்காவது போய்விடலாமா என்றுகூட யோசித்தேன்.

அசனத்துக்கு வீட்டுக்கு வீடு சட்டியும் குண்டானும் வந்தன. கறிக்குழம்பு சட்டிக்கொரு ருசியில் இருந்தது. பந்தியில் ஃபாதர் கேட்டே விட்டார்: "நம்ம அண்டா எங்க?"

மாமா எழுந்து நின்றார்.

"எம் மருமவன் எழுதுன கணக்கு சரியாத்தான் இருந்துச்சு ஃபாதர். அண்டாதான் படிக்காம வந்துட்டு."

பந்தியே சிரித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. (குழம்பில் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.) அந்த மனுஷரை எனக்கு அன்றைக்குத்தான் அவ்வளவு பிடித்துப்போனது.

அடுத்த திருவிழாவுக்குள் எங்கள் குடும்பத்தின் அன்பளிப்பாக எவர்சில்வர் அண்டா ஒன்று சர்ச்சுக்குப் போனது. பெயர் வெட்டும் பொறுப்பை மாமா எடுத்துக்கொண்டார். இன்றும் அசனத்தில் சோறு எடுக்க வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். மேலே என் பெயர், பட்டத்தோடு. கீழே, அதே அளவு எழுத்தில்: "சமையலுக்கு மட்டும்."